முந்திரித் துண்டு யாருக்கு?

வட்டமாய் வேகும், முக்கோணமாய்த் தெருவைச் சுற்றும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்.

கேக்கேதான்!

அணில் அம்மா, மணல் பரப்பிய குக்கரில் ஒரு கேரட் கேக் செய்தது. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம் என்று வெட்டிப் பார்த்தால், முந்திரியெல்லாம் ஒரே துண்டில் கூடியிருந்தது. இன்னொரு துண்டின் அடி நன்றாகவே கருகியிருந்தது. இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்து மகள் பிஞ்சுவிடம் நீட்டியது.

"முந்திரித் துண்டு மைனா அத்தைக்கு. கருகினது ஆமை மாமாவுக்கு."

"ஏம்மா? போன தடவை நம்ம கேக்கைச் செங்கல்னு தெருவெல்லாம் சொன்னது மைனா அத்தைதானே?"

"அதனாலதான்டி! மறுபடியும் சொன்னா நான் எப்படி வெளியில தலைகாட்டுறது? ஆமை மாமா தங்கம். எதைக் கொடுத்தாலும் பிரமாதம்னு சொல்லும்."

பிஞ்சு கிளம்பியது. முதலில் ஆமை மாமா வீடு. மாமா வாசலிலேயே நின்றிருந்தது.

"காலையில கேக் வாசனை வந்ததுமே அடுப்படியிலேருந்து கிளம்பிட்டேன், கண்ணு. இப்பத்தான் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். உங்கம்மா கேக்குன்னா சும்மாவா!"

எதிர்வீட்டுக் கிளையிலிருந்து மைனா அத்தை எட்டிப் பார்த்தது.

"ஏ பிஞ்சு, இந்தத் தடவை சுத்தியலும் சேர்த்துக் கொண்டுவந்தியா?"

பிஞ்சு இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தது.

முந்திரித் துண்டை ஆமை மாமாவிடம் கொடுத்தது. கருகிய துண்டை மைனா அத்தைக்குக் கொண்டுபோனது.