ஈசானிய மூலை

பக்கத்து மனையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம் போட்டார்கள். போர் போடுவதற்கு.

காம்பவுண்டுச் சுவரின் இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். நான் நின்றது என் வீட்டு செப்டிக் டேங்க் மூடியின் மேல்.

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெரு முன்பு ஏரி. மனை பிரித்தவன் வரத்து வாய்க்காலை மூடி, அதை ரோடு என்றான். வாங்கிய நாங்கள் வேறு எதையும் பார்க்கவில்லை, வாஸ்து பார்த்தோம்.

போர் வடகிழக்கில். செப்டிக் டேங்க் வடமேற்கில். எல்லா வீடும் இப்படியே வரிசையாக நிற்பதால், ஒவ்வொருவர் போரும் அவருக்குக் கிழக்கு வீட்டுக்காரரின் செப்டிக் டேங்கும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் அமைந்துவிட்டன.

வாஸ்துவில் ஒரு குறை சொல்ல முடியாது.

எனக்குக் கிழக்கே பக்தவத்சலம். அவர் ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று என் வீட்டுக் காலைக் காபியே சொல்லிவிடும் என்று தெருவெல்லாம் அளந்திருக்கிறேன். தொண்ணூற்றாறு மழையில் சமையலறைக் குழாய் வழியாக விரால் மீன் வந்ததையும் சொல்லியிருக்கிறேன். புளுகு மூட்டை என்று எனக்குப் பெயர்.

ஆகவே, செப்டிக் டேங்க் பக்கத்தில் போர் வேண்டாம் என்று நான் சொன்னபோது மேஸ்திரி கேசவன் நிமிரக்கூட இல்லை. மண்ணே வடிகட்டிவிடும் என்றார். மனைக்காரர் சீனு சிரித்தார். இடுப்பில் குழந்தையோடு நின்ற அவர் மனைவி சங்கரியும் மரியாதைக்குச் சிரித்தாள்.

சரி, அவர்களுக்குப் புரிகிற பாஷையில் பேசுவோம் என்று குரலைத் தாழ்த்தினேன்.

"ஏரி மண்ணுல ஈசானியத்துல போர் போட்டா வூட்டுப் பொம்பளைக்கு ஆவாது கேசவா. நம்ம தெருவுலயே ஒருத்தி பூட்டா."

"எந்த வூட்ல பெருசு? இன்னிக்கு இன்னா, புதுசா அள்ளி வுடுற?"

நான் எந்த வீட்டையும் காட்டவில்லை.

சங்கரி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தென்பக்கம் போட்டால் என்ன என்று கணவரிடம் கேட்டாள். சீனு யோசித்தார். கேசவன் முணுமுணுத்துக்கொண்டே வட்டத்தைக் காலால் அழித்தார்.

நான் வீட்டுக்குள் வந்தேன்.

என் மனைவி ஞானம்பாள் படத்துக்கு முன்னால் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பது வழக்கம். கடையில் வாங்கிய தண்ணீர்க் கேனைச் சாய்த்து டம்ளரில் பிடித்து வைத்தேன்.

குழாய்த் தண்ணீரை அவளுக்கு வைப்பதில்லை.