விடாத காய்ச்சல்

நர்ஸ் பிரவீணா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், பூங்குழலி வாயிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து சூடான காப்பி டம்ளரோடு சேர்த்துப் பிடித்தாள். காலடிச் சத்தம் நெருங்கியதும் மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

"நூத்தி ரெண்டு," என்றாள் பிரவீணா. "இன்னைக்கும் டிஸ்சார்ஜ் கிடையாதுங்க."

பூங்குழலியின் கணவன் அண்ணாதுரை வராந்தாவுக்கும் வார்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான். ஜெயங்கொண்டத்தின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்து, தையலும் பிரித்தாயிற்று. வீட்டுக்குப் போகும் நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. முந்திரிக்காட்டைக் குத்தகைக்கு விட்டு வாங்கிய பணம் கட்டில் வாடகைக்கும் ஊசி மருந்துக்கும் கரைந்துகொண்டிருந்தது.

"உக்காந்த எடத்துல சோறு வருதுல்ல, காய்ச்சல் எப்படி விடும்," என்றாள் மாமியார் சம்பூர்ணம். குழந்தை அவள் மடியில் இருந்தது. சாப்பிடும்போதுகூட அவள் அதை இறக்கி வைப்பதில்லை. "பெத்தவ புள்ள மொகத்தப் பாக்க மாட்டேங்குறா."

அது உண்மைதான். பால் கொடுக்க மட்டும் பூங்குழலி குழந்தையை வாங்குவாள். அப்போதும் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தூங்குவதுமில்லை.

சாயங்காலம் மறுபடி தெர்மாமீட்டர் வைத்தபோது அண்ணாதுரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். உள்ளே வந்து டம்ளரைப் பிடுங்கினான்.

"நடிக்கிறியா? நான் அங்க காட்டையே விட்டுட்டு நிக்கிறேன். கெளம்பு, வேனுக்குச் சொல்றேன்."

"நான் வரலங்க."

"ஏன்?"

பூங்குழலி கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"வூட்டுக்குப் பின்னால கெணறு இருக்குங்க. கண்ண மூடுனா அதுதான் தெரியுது. புள்ளையோட அதுல எறங்கிடுன்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கு. இங்கன்னா சுத்தி ஆளு இருக்காங்க."

அண்ணாதுரை சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்துக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெளிய சொல்லாத, அசிங்கம். நாலு வேல செஞ்சா இதெல்லாம் தானாப் போயிடும்." கட்டிலுக்கு அடியிலிருந்த பையை இழுத்து, துணிகளை அள்ளித் திணித்தான். "நீ சொல்லும்மா. என்னை ஒருத்தனப் பெத்தியே, நீ இப்படியா இருந்த?"

சம்பூர்ணம் எழுந்து போய்க் குழந்தையை நர்ஸின் கையில் கொடுத்தாள். திரும்பி வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்திருந்த விரல்களை மெதுவாக விடுவித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பையக் கீழ வைடா. டாக்டரம்மாகிட்ட உள்ளதச் சொல்லுவோம். இருக்குற காடும் போனாப் போகட்டும்."

"என்னம்மா, நீயும் சேந்துக்கிட்டு..."

"என்னையும் இப்படித்தான் பேச விடாம வூட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

அண்ணாதுரையின் கை பையிலேயே நின்றது.

சம்பூர்ணம் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ எனக்கு மூத்த புள்ள இல்லடா."