சாய்த்துப் பார்த்த குப்பி

“குலுக்காதே! இன்னும் அதே அவசரக்குடுக்கைதானா நீ?”

அதட்டிய பிறகுதான் ஆய்வக அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரில் நிற்பவள் இப்போது பேராசிரியை.

“அப்படியே திட்டுங்கக்கா. இதைக் கேட்டு இருபது வருஷமாச்சு.”

இன்று அக்காவுக்குக் கடைசி வேலைநாள். அதற்காகவே வந்திருந்த பேராசிரியை, அலமாரியிலிருந்து எடுத்த கண்ணாடிக் குப்பியைக் குலுக்காமல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே பால் கலந்த பனிக்கட்டி போல சிலிகா ஜெல். அதன்மேல் விரற்கடை அளவு தெளிந்த நீர்.

“துகளும் துகளும் கைகோத்து வலையாகும். ஈரம் காயாம விட்டு வச்சா, கோத்த இடமெல்லாம் தடிச்சு வலை இறுகும். நீ சொன்னதுதானே? அதான் மெழுகு வச்சு மூடி, பொத்திப் பொத்திப் பார்த்துக்கிட்டேன்.”

இருபது வருடங்களுக்கு முன்பு இதே ஆய்வகத்தில்தான் இருவரும் நின்றார்கள். கணவரைப் பறிகொடுத்திருந்த அக்கா, வேலையே வேண்டாமென்று சாவியை ஒப்படைக்க வந்திருந்தாள். வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பிய இவளோ, கரைசல் நிரப்பிய ஒரு குப்பியை அவள் கையில் திணித்தாள்.

“எப்ப உறையும்னு தெரியலக்கா. தினமும் காலையில சாய்ச்சுப் பாருங்க. உறைஞ்ச அன்னைக்கு எழுதுங்க. வேற யாரையும் நம்பமாட்டேன்.”

வாக்குக் கொடுத்தாயிற்று. சாவி அக்காவிடமே தங்கிவிட்டது.

“இருபது வயசு ஜெல்! உள்ளமைப்பை நுண்ணோக்கியில பார்த்துக் கட்டுரை எழுதப்போறேன்” என்று பேராசிரியை குப்பியைப் பைக்குள் வைக்கப் போனாள்.

அக்கா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். உண்மையைச் சொன்னால் இத்தனை வருட நம்பிக்கை ஒரு நொடியில் போய்விடும். ஆனால் ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறானே!

“நில்லும்மா. அச்சுல பொய் ஏறக்கூடாது. இது நீ வச்ச ஜெல் இல்ல.”

பேராசிரியை நிமிர்ந்து பார்த்தாள்.

“உன்னோடது மூணு மாசம் சாய்ச்சும் தண்ணியாவே ஓடுச்சு. நீயோ வாராவாரம் ‘உறைஞ்சுதா, உறைஞ்சுதா’ன்னு கடுதாசி போடுற. கண்காணாத ஊர்ல பிள்ளை மனசு ஒடிஞ்சிடுமேன்னு, உன் நோட்டைப் பார்த்து நானே சிலிகேட் கரைசல்ல அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள உறைஞ்சிடுச்சு. சந்தோஷமா உனக்கு எழுதிட்டேன். என்னை மன்னிச்சிடும்மா.”

பேராசிரியை பேனாவை எடுத்தாள். குப்பியின் சீட்டில், ‘செய்தவர்’ என்ற இடத்தில் ‘ஆய்வக அக்கா’ என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

“உங்க கடுதாசி வந்த அன்னைக்கே தெரியும்க்கா.”

“எப்படி?”

“நான் கொடுத்தது ஆயுசுக்கும் உறையாது, அதுல நான் அமிலமே சேர்க்கல. மாமா போனப்புறம் தினமும் காலையில உங்களை வீட்டை விட்டு வெளியே வரவைக்க, எனக்கு வேற வழி தெரியலக்கா.”