பத்தரைக்குள் ஒரு முடிச்சு

செயற்கைக் கைகளை இணையம் வழியே பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் கும்பலிடம் இசக்கிராஜின் வலக்கை சிக்கி மூன்று வாரமாகிறது. முஷ்டி விரியவில்லை. இன்று பதினேழு நாட்டுப் போலீஸ் ஒரே நேரத்தில் கும்பலின் கதவுகளை உடைப்பதை அவன் கல்யாண மண்டபமே திரையில் பார்த்துக்கொண்டிருந்தது. முகூர்த்தம் முடிய இரண்டே நிமிடம்.

"ஆளுகளப் பிடிச்சாச்சாம். திறக்கிற சாவியத்தான் தேடுதாங்க," என்றாள் அக்கா பிரம்மசக்தி. "தம்பி, உன் முடிச்சையும் நானே போட்டுரட்டுமா?"

"அப்ப குடித்தனமும் நீங்களே நடத்துங்க மதினி," என்ற மணப்பெண் கோமதி, தன் வலக்கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய் இசக்கிராஜைப் பார்த்தாள். "உங்க இடக்கையோட இதச் சேத்துக்கிட்டுக் கட்டுங்க."

இரண்டு கைகளும் தடுமாறித் தாலிக்கயிற்றைச் சுற்றியபோது மண்டபம் ஆர்ப்பரித்தது. சாவி கிடைத்துவிட்டது. அவன் வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கோமதி தன் கையை எடுக்கப் போனாள்.

"இரு, முடிச்சு நழுவிரும்," என்றான் இசக்கிராஜ். விடுபட்ட கையை உயர்த்தி, கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டினான்.