பலகையைப் படிக்காதவள்

"பலகையைப் படிக்க முடியாதவங்க மட்டும்தான் கண் டாக்டர்கிட்ட உள்ள போகலாம். விதின்னா விதிதான்," என்றார் பாஸ்டரம்மா.

"விதி சரிதாம்மா. ஆனா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறவங்க யாரா இருந்தாலும் உள்ள விடணும்," என்றாள் பெனினா. "அந்த மாத்திரை கண்ணுக்குள்ள அழுத்தத்த ஏத்திரும். வலிக்காது. ஓரத்துலேருந்து பார்வை போகும். நேரா இருக்கிற எழுத்து கடைசி வரைக்கும் தெரியும். இந்தப் பலகைய வச்சு அதக் கண்டுபிடிக்க முடியாது."

பெனினாவுக்கு லூபஸ். உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் வியாதி. வருஷக்கணக்காக மாத்திரை விழுங்கி முகம் உப்பிவிட்டது. ஊர் அவளைப் பாவம் என்றும் சொல்லும், முன்னோர் சாபம் என்று சொல்லாத குறையாக ஒதுங்கியும் உட்காரும். சவாயீ தீவில் இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வரும்.

"உன் ஒருத்திக்காக விதிய மாத்த முடியுமா? டாக்டர் நியூசிலாந்துலேருந்து வருஷத்துக்கு ஒரு நாள் வர்றார். சாயங்காலம் கப்பலப் பிடிக்கணும். வரிசையப் பாத்தியா?"

"எனக்காகக் கேக்கல. மாத்திரை சாப்பிடற எல்லாருக்கும்."

"இந்த ஊர்ல உன்னத் தவிர வேற யாரு சாப்பிடறா?"

பெனினா குனிந்து தரைப்பாயின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"அப்ப படி." பாஸ்டரம்மா குச்சியால் பலகையின் உச்சியைத் தட்டினார். சாப்பாட்டுத் தட்டு அளவு எழுத்து.

பெனினா நிமிர்ந்து நின்றாள்.

"தெரியல," என்றாள்.

சபை மண்டபமே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? தாழை நாரை நூலாகக் கிழித்து, பட்டுத் துணி போலப் பாய் முடைகிற கை அவளுடையது. பாஸ்டரம்மாவின் மகள் கல்யாணத்துக்கு அவள் முடைந்த பாயைத் தொட்டுப் பார்க்கவே அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்தது.

"நேத்து என் பேத்தி தலையில பேன் பாத்தவளாச்சே நீ," என்றார் வரிசையில் இருந்த லெவி. கண்ணில் புரை விழுந்து சுவரைத் தடவி நடக்கிறவர் அவர். "என் முறையப் பிடுங்கத்தான் இந்த நாடகமா?"

"உங்க முறை போகாது பெரியவரே. எனக்கு அஞ்சு நிமிஷம் போதும்."

"சபைக்குள்ள நின்னு பொய் சொல்றியே, கூசலையா உனக்கு?" பாஸ்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வருஷமாக அவரும் நன்றாகப் பூரித்திருந்தார். பாஸ்டர் வீட்டில் நல்ல சாப்பாடு, நாம் கொடுப்பதுதானே என்று ஊருக்கு அதில் பெருமை.

"கூசுது. ஆனாலும் தெரியலதான்," என்றாள் பெனினா. டாக்டரின் அறைக் கதவுக்கு நேரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இன்னைக்கு விட்டா அடுத்த வருஷந்தான். அதுக்குள்ள கண்ணு போயிரும். உள்ள விடாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

சத்தம் கேட்டு நர்ஸ் லோசா கதவைத் திறந்தாள். "படிக்க முடியலன்னா வரட்டுமே. உங்க விதிதானே அம்மா?"

தான் போட்ட விதி தன் காலையே கட்டியதில் பாஸ்டரம்மா குச்சியைத் தாழ்த்தினார்.

பெனினா உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. சொன்னபடி சீக்கிரமே வெளியே வந்தாள். பின்னாலேயே டாக்டரும் வந்தார். அவர் சொன்னதை லோசா எடுத்துச் சொன்னாள்.

"இவங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல."

"கெட்டிக்காரி புளுகு எட்டு நாளாவது தாங்கும். இது கதவத் தாண்டலையே," என்றார் லெவி. மறுபடியும் சிரிப்பு. பெனினா தலையைக் குனிந்துகொண்டு தூணோரம் போய் நின்றாள். முகம் சிவந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தானே தேடிக்கொண்டதற்கு யார் என்ன செய்ய முடியும்?

"ஆனா டாக்டருக்குக் கண் அழுத்தம் பாக்கற மெஷின் மேல ஒரு சந்தேகம்," என்றாள் லோசா. "நல்ல கண்ணு உள்ள ஒருத்தர வச்சு சரிபாக்கணுமாம். பாஸ்டரம்மா, நீங்கதான் கடைசி வரி வரைக்கும் படிப்பீங்க. கொஞ்சம் வரீங்களா?"

"பாத்தியா?" பாஸ்டரம்மா பெனினாவைப் பார்த்தபடி குச்சியைச் சாத்தி வைத்தார். "பொய்க் கண்ணு பட்டு மெஷினுக்கே கோளாறு. நேர்மையான கண்ணு வேண்டியிருக்கு."

நேர்மையான கண் வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்தபோது பாஸ்டரம்மா குச்சியைத் தேடவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அதன்பின் பலகையை யாரும் காட்டவுமில்லை, யாரும் படிக்கவுமில்லை. லெவியிலிருந்து கடைசி ஆள் வரை எல்லோரும் உள்ளே போய் வந்தார்கள்.

டாக்டரின் வண்டி கிளம்பத் தயாரானது. கூட்டம் கலைந்திருந்தது. பெனினா மட்டும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பாஸ்டரம்மா லோசாவைத் தனியே இழுத்தார்.

"அழுத்தம் ரொம்ப ஏறிப்போச்சாம். இன்னும் கொஞ்ச மாசம் விட்டிருந்தா ரெண்டு கண்ணும் போயிருக்குமாம். மருந்து குடுத்திருக்கார், தினமும் விடணும். ஆப்பியா பெரியாஸ்பத்திரிக்கு வேற வரச் சொல்லியிருக்கார்." லோசாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்லிராதே லோசா. கர்த்தர்தான் இன்னைக்கு அந்த மெஷினக் கெடுத்தார்."

லோசா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பாய்க்கட்டோடு கடந்துபோன பெனினா அவள் காலை அழுத்தி மிதித்தாள்.

"ஆமாம்மா," என்றாள் லோசா.

மெஷின் கெடவே இல்லை. கதவு சாத்தியதும் பெனினா சொன்னது இவ்வளவுதான்:

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு டாக்டர், போன மாசந்தான் ஆப்பியாவுல பாத்தேன். வெளியில குச்சியோட நிக்கிறாங்களே, அவங்கள எப்படியாவது உள்ள கூப்பிட்டுப் பாருங்க. கன்னத்துச் செவப்ப பவுடர் போட்டு மறைக்கிறாங்க, முகம் என்னோடது மாதிரியே உப்புது. அது என் வியாதி, என் மாத்திரை. வெளியில தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. என்னைப் பொய்க்காரின்னே சொல்லிருங்க, பரவாயில்ல."