விழுந்திருக்க வேண்டிய ஓட்டு

“திருட்டு மெஷின்! ஒரு ஓட்ட முழுங்கிச்சிய்யா, ஒரே ஒரு ஓட்ட!”

வேதாச்சலம் போட்ட சத்தத்தில் ஆந்திராவின் நகரி நெசவாளர் தெருவில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகளே நின்றுவிட்டன. சித்தூரில் ஓட்டு எண்ணி முடித்த கையோடு அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார். சட்டை நனைந்திருந்தது, கண் சிவந்திருந்தது.

தறிக்கான கரண்ட் கட்டணம் ஏறிக்கொண்டே போன ஆத்திரத்தில், தெருவே சேர்ந்து அவரைச் சுயேச்சையாக நிறுத்தியது. மாலை போட்டது, ஆரத்தி எடுத்தது, ஒரு சுவர் பாக்கியில்லாமல் கத்தரிக்கோல் சின்னத்தை வரைந்து தள்ளியது. ஜெயித்துவிடுவோம் என்று அவருமே நினைக்கவில்லைதான். ஆனால் சொந்தத் தெருவின் பூத்தில் அவருக்கு விழுந்தது பூஜ்யம்.

“ஜீரோவா? அப்போ மெஷின்லதான் கோல்மால்,” என்றார் தறித் தரகர் வீராசாமி.

“நாங்கள்லாம் போட்டமே!” என்று கூட்டமும் சேர்ந்துகொண்டது. போட்டவர்கள் ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேச வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

“மத்தவங்கள வுடுங்கய்யா. ஒரு ஓட்டு எனக்கு உழுந்துருக்கணும். சாமி மேல அடிச்சிச் சொல்றேன், உழுந்துருக்கணும்!”

அதை யாரும் மறுக்கவில்லை. வேட்பாளர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளாமலா இருப்பார்?

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி அம்சவேணிக்கு, தேர்தலுக்கு முன்பு மகளிர் குழுத் தலைவி யமுனா வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனது நினைவில் குடைந்தது.

“அக்கா, இது பழைய ஓட்டுச் சீட்டு கெடையாது. யாரு எந்தப் பட்டன அமுக்கனாங்கன்னு மெஷின் காட்டிக் குடுத்துடும். வூட்டுக்கு ஒரு ஓட்டாச்சும் பெரிய கட்சிக்கு உழணும். இல்லன்னா மனைப் பட்டாவுல உங்க பேரு இருக்காது.”

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. அவர் ஓட்டு அவருக்கு இருக்கவே இருக்கிறது, நம் ஒரு ஓட்டில் என்ன குறைந்துவிடப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் அன்றைக்கு அம்சவேணி பெரிய கட்சியின் பட்டனை அழுத்தினாள். அழுத்தியதும் மெஷின் நீளமாகக் கத்தியது. ஊருக்கே கேட்டிருக்கும் என்று பயந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து புருஷன் தட்டில் சோறு போடும்போதெல்லாம் அவளுக்குக் குற்றமாய் உறுத்தியது.

“வீராசாமி, ஆளுங்கள இட்டுக்கினு வா. தறிய வித்துட்டு ஐதராபாத் ஹைகோர்ட்டுக்கே போறேன். இத்த நான் வுடப்போறதில்ல.”

வீராசாமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஸ்பேனரோடு ஆட்கள் வந்து தறியின் போல்ட்டுகளைத் திருகத் தொடங்கினார்கள்.

அம்சவேணி வேதாச்சலத்தை உள்ளே கூப்பிட்டாள். “தறிய குட்த்துட்டு இன்னா துன்றதாம்?”

“கூலித்தறி ஓட்டிக்கலாம். இல்லியா, மெட்ராஸ் பக்கம் எதுனா கம்பெனிக்குப் போய்க்கலாம், எத்தினி பேரு போய்க்கினு கீறாங்க. அத்த வுடு. நீயும் எங்கூட வரணும். கோர்ட்டுல நீதான் சாட்சி.”

“நானா?”

“கத்தரிக்கோலுக்குத்தான் போட்டன்னு நீ சத்தியம் பண்ணிச் சொல்லு, போதும். அந்த மெஷின் சாயம் வெளுத்துடும்.”

வெளியே ஒரு போல்ட் கழன்று தரையில் விழுந்தது. இந்த மனுஷன் இவ்வளவு நம்பிக்கையோடு பார்க்கிறாரே, பொய்ச் சத்தியத்துக்கு எப்படிக் கையை நீட்டுவது? அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்சவேணி துணிந்தாள்.

“என்ன மன்னிச்சிடுங்க. நான் உங்களுக்குப் போடல.”

வேதாச்சலம் ஓர் அடி பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தார்.

“வூட்டுக்கு ஒரு ஓட்டாச்சும் உழலன்னா பட்டா பூடும்னு அந்த யமுனா சொன்னா. பயந்துக்கினு மாத்தி அமுக்கிட்டேன். நான் பண்ணது துரோகந்தான்.” அழுதுகொண்டே தொடர்ந்தாள். “ஆனா உங்க ஓட்டு உழுந்துருக்கணுமே! அது எங்க பூட்ச்சி? அதுக்கு வேணா நான் எந்தக் கோர்ட்டுக்கும் வந்து சத்தியம் பண்றேன்.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது, வேதாச்சலம் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார். தெருவையே அதிரவைத்த குரல் இப்போது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“எங்கிட்டயும் அவ அதத்தான் சொன்னா.”

“இன்னா சொல்றீங்க?”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார் வேதாச்சலம்.

“நீ எனக்குப் போடுவன்னு நம்பித்தான்டி, நானு அவங்களுக்குப் போட்டேன்.”