ஆறு நாள் ஓட்ஸ்

சாவியோ குளிக்கப் போன நேரம் பார்த்து, அவன் கழற்றிப் போட்ட சட்டையை ஜானட் எடுத்து மோந்தாள். காலரை மோந்தாள், கைமடிப்பை மோந்தாள், பாக்கெட்டை வெளியே இழுத்து அதையும் மோந்தாள். டீசல் நெடியும் வியர்வையும்தான் இருந்தன.

"இன்னாடி, எவ வாசனையாவது வருதா?" ஈரத் தலையோடு பின்னால் நின்றான் சாவியோ.

"எவளாவது இருந்தாக்கூட சமாளிச்சிருப்பேன்யா. நான் தேடறது ஜிலேபி வாசனை."

அவன் சிரிக்கவில்லை. கட்டில்மேல் நேற்று வாங்கிவந்த ரத்தப் பரிசோதனைத் தாள் கிடந்தது. மூன்று மாதத்துச் சுகரின் சராசரி. போன தடவை எட்டு புள்ளி ஒன்று, இப்போது ஒன்பது புள்ளி நான்கு.

சாவியோ துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறான். வியாழக்கிழமை கம்பெனி மெடிக்கல். சுகர் ஏறியிருந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கப்பட்ட டில்லிபாபு இப்போது கேட்டில் வெயிலில் நின்று லாரி நம்பர் எழுதுகிறான். மூன்று மாதக் கணக்கு என்பதால் இனி நான்கு நாள் பட்டினி கிடந்தாலும் அது பெரிதாக இறங்கப்போவதில்லை.

இந்தப் பயத்தில்தான் ஜானட் சுகர் விஷயத்தை வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லை. ராயபுரத்தில் ஒருத்தர் காதில் போட்டால் மறுநாள் ஹார்பருக்குத் தெரிந்துவிடும்.

போன தடவை ஆஸ்பத்திரியில் சமையல் குறிப்புத் தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஓட்ஸ், பால், இரண்டு முட்டை, நறுக்கிய ஆப்பிள், மசித்த வாழைப்பழம், கொஞ்சம் பட்டைத்தூள். ட்ரேயில் ஊற்றி வேகவைத்தால் ஆறு துண்டு. விடியற்காலை ஷிஃப்டுக்கு ஓடுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே ஆறு நாள் நாஷ்டா தயார். ஃப்ரிட்ஜிலிருந்து தினம் ஒன்றை எடுத்து டப்பாவில் வைத்தால் போதும்.

வீட்டில் கேக் அடுப்பு கிடையாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக் மாவை ட்ரேயோடு கொண்டுபோய், கல்மண்டபம் ஏரியாவில் தாவூது பாய் பேக்கரியில் கொடுத்து வேகவைத்து வாங்குவது அந்தத் தெருவின் வழக்கம். ஜானட் அதை வாராவாரம் ஆக்கிக்கொண்டாள்.

"இன்னா தங்கச்சி, இந்த வருஷம் டிசம்பர் முன்னாடியே வந்துடுச்சா?" என்று பாய் முதல் நாள் கேட்டார்.

"பொண்ணு ஸ்கூல் டிபனுக்கு பாய்" என்று சொல்லிவைத்தாள். மகள் பெனிஷாவோ ஓட்ஸ் என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்பவள்.

முதல் வாரம் டப்பா பாதி மிச்சத்தோடு திரும்பியது. "சிமெண்ட் கலவையாட்டம் கீதுடி" என்றான் சாவியோ. அடுத்த வாரம் வழித்துத் துடைத்ததுபோல் வந்தது. "இந்த வாட்டி நல்ல பழமா பாத்து வாங்கிக்கீற" என்றான். நாக்கு பழகிவிட்டது என்று ஜானட் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆறு நாளுக்கு ஆறு துண்டு என்பதால் ஓரத்தைக்கூட அவள் கிள்ளி வாயில் போட்டதில்லை.

"கேன்டீன்ல இன்னா துன்ற? சொல்லிடுய்யா. நான் சண்டை போட மாட்டேன்." கட்டிலில் கிடந்த ரத்தப் பரிசோதனைத் தாளை ஜானட் கையில் எடுத்தாள்.

"மாதா மேல சத்தியமா, நீ குடுத்தனுப்பறதுதான். மத்தவன் போண்டா துன்னா நான் மூஞ்சியத் திருப்பிக்கினு கீறேன். டீகூட சப்புனுதான் குடிக்கிறேன்."

"அப்ப இந்தத் தாளு பொய் சொல்லுதா?"

"எனக்கு இன்னாடி தெரியும்? இதுக்கு மேல நான் இன்னாதான் பண்றது?" ஐம்பதடி உயரத்தில் உட்கார்ந்து கன்டெய்னர் தூக்குகிறவன், கட்டில் ஓரத்தில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சாவியோ மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவன் அல்ல. தாளும் பொய் சொல்லாது. இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் ஜானட் அந்த வார ட்ரேக்குப் பழத்தை நறுக்கினாள். அவளுக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நான்கு மணிக்கு ட்ரேயோடு பேக்கரிக்குப் போனாள். பன் வேலை முடிந்து அடுப்பு சூடு தணிந்திருந்தது. தாவூது பாய் ட்ரேயை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, கண்ணெல்லாம் செவந்து கீது? வூட்ல பேஜாரா?"

"ஒண்ணுமில்ல பாய்."

"பொண்ணு சாப்பிட மாட்டேங்குதா?"

உண்மையைச் சொல்லி அழுதுவிடலாம்போல இருந்தது. பேக்கரி பெஞ்சில் ஹார்பர்காரர்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "அதெல்லாம் இல்ல பாய். டப்பா கழுவி வெச்சாப்புலதான் வருது" என்று மட்டும் சொன்னாள்.

பாய்க்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. செய்த நல்லதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"வராம இன்னா? மொத வாரம் வெந்ததும் ஓரத்துல கிள்ளிப் பாத்தேன். சப்புனு இருந்திச்சு. அவசரத்துல மறந்துட்ட போல, இத புள்ள எப்படித் துன்னும்னு மனசு கேக்கல."

ஜானட் ட்ரேயைத் திரும்பப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து ரெண்டு கை சக்கரை நாந்தாம்மா போட்டுக்கினு கீறேன்."